நூற்றெண்பது பாகை

பகலில் நான் மில்லில் எடைமேடைக் கிளார்க்.
செம்பனைக் குலையோடு ஏறும் லோரியை
நிறைவயிற்றோடு ஒரு தடவை, வெறுவயிற்றோடு ஒரு தடவை
நிறுத்துப் பார்த்து
வித்தியாசத்தை எழுதிக் கொடுப்பவள்.
இரவில் தூண்டில் கட்டுகிறேன்
பத்தாங் பெர்ஜுந்தையில்,
போர்டில் வேறு பெயர் ஏறிப் பல வருஷமாகியும்
பஸ்ஸில் யாரும் அந்தப் பெயருக்கு டிக்கெட் கேட்காத ஊரில்.

ராயப்பன் கேட்டது சாதாரணக் கம்பு.
ஈயக்குட்டையில் தோமான் இழுக்க.
ரீல் மேலே, வளையங்களும் மேலே, ஒரே வரிசை,
கறுப்பு நூல், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.
பாதிப் பணத்தை அவர் எண்ணி வைத்தபோது
வலது மணிக்கட்டைப் பார்த்தேன்.
எட்டுத் தையல். உள்ளே ஒரு தகடு.
லோரிச் சாவியைத் திருப்பவே
இடது கையைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்.

அவரிடம் சொல்லாமலே தொடங்கினேன்.

முதல் வளையம் ரீலுக்கு நேரே உச்சியில்.
அடுத்தது அறுபது பாகை சரிந்து.
மூன்றாவது நூற்றிருபது.
நான்காவதிலிருந்து நுனிவரை
எல்லாம் கம்பின் வயிற்றுப் பக்கம்.
தங்கூஸ் நரம்பு கம்பைத் தொடாமல் சுற்றி இறங்க வேண்டும்;
மயிரிழை உரசினாலும் அவிழ்த்து மறுபடி.
வளையத்தின் பாதங்களை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி
நூலை ஏற்றினேன், சுற்றோடு சுற்று ஒட்டி,
இடைவெளியை நகத்தால் நெருக்கி.
முடியும் முன் ஒரு கண்ணி வைத்து
நூல் முனையை உள்ளே இழுத்து மறைத்தேன்.
பிசின் பூசி,
கோழி வாட்டும் அடுப்பிலிருந்து கழற்றின மோட்டாரில்
மாட்டிவிட்டேன்.
நிமிஷத்துக்கு ஆறு சுற்று.
மில் சைரன் ஊதும்போது
கண்ணாடிபோல் இறுகியிருந்தது.

ராயப்பன் வந்தார், பார்த்தார்.
"என்னம்மா இது, தண்ணி போட்டுட்டு கட்டினியா?
பாவக்கொடி மாதிரி சுத்திக்கிட்டுப் போவுது."
மீதிப் பணம்
சட்டைப் பையை விட்டு எழும்பவில்லை.

விளக்கம் சொன்னால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.
மூலையில் சாய்த்திருந்த பழைய கம்பை
அவர் கையில் கொடுத்தேன்,
வளையமெல்லாம் மேலே நிற்பது.
நரம்பு முனையில் ஐந்து கிலோ அரிசிப் பை.
"தூக்குங்க."
கம்பு வளைந்தது. வளைந்த கையோடு உருண்டது.
வளையங்கள் அடிப்பக்கம் போகத் துடித்தன.
தகடு வைத்த கை
அவற்றை மேலேயே நிறுத்தப் பார்த்து
நெற்றியில் வேர்வை.

பிறகு கோணல் கம்பு. அதே அரிசி.
வளைந்தது. சும்மா இருந்தது.
கீழே இருப்பவனை
எங்கே தள்ளிவிடுவது?

(இதைச் சொன்னதும் என் தங்கச்சி புருஷன்
வாழ்க்கையும் இப்படித்தான் என்று ஆரம்பித்தான்.
இல்லை. இது அரிசிப் பை.)

ராயப்பன் அதைக் கொஞ்ச நேரம் இறக்கவே இல்லை.
வெளியே அவர் லோரி
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தது.
மீதிப் பணத்தை மேசைமேல் வைத்தார், எண்ணாமல்.

மூன்று வாரம் பேச்சில்லை.
பதினோரு டன் நானூறு என்று எழுதிக்கொண்டே
நான் அவர் ஜன்னலைப் பார்ப்பேன்;
அவர் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார்.
தோமான் கிடைத்ததா தெரியாது. படம் ஏதும் காட்டவில்லை.

வியாழக்கிழமை ரசீது வாங்கும்போது
சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பை நீட்டினார்,
கடையில் வாங்கியது, அவர் மனைவி ஃபிலோமினாளுடையது.
"இதையும் கோணலாக்கிக் கொடு.
அவளுக்கு ஊதா நூலுதான் வேணுமாம்."
பின்னால் இரண்டு லோரி ஹாரன் அடித்தன.

இப்போது ஊதா நூல்
மூன்றாவது வளையத்தில் ஏறி முடிந்திருக்கிறது.
அளந்து பார்த்தேன்.
நூற்றிருபது இல்லை, நூற்றுப் பதினெட்டு.
நரம்பு எங்கும் தொடவில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை.
மணி பதினொன்றே முக்கால்.
பிளேடை எடுக்கிறேன்.