சகா

காகிதத்தில் இரண்டே வரி.
ஹெபடைட்டிஸ் சி, எதிர்பொருள்: உண்டு.
வைரஸ்: காணவில்லை.

அக்காவுக்கு இருப்பது தெரிந்த பிறகு
எழுபது நாள் தள்ளிப்போட்டு
நேற்று ராத்திரி என் நரம்பை நானே குத்தினேன்.
பதினெட்டு வருஷமாய் யங்கூன்காரர் ரத்தத்தையெல்லாம்
ஓட்டிப் பார்த்த இயந்திரம்
எனக்குச் சொன்னது:
உன் வீட்டுக்குள் ஒருவன் வந்திருந்தான். இப்போது இல்லை.

எப்போது?
பஸூன்டாங் ஓடை கரையேறிய மழைக்காலமாக இருக்கும்.
ஊசி போடுகிறவர் வீட்டுக்கு
எங்கள் இருவரையும் இழுத்துப் போனாள் அம்மா.
வெந்நீரில் அலசிய ஒரே ஊசி.
எங்களுக்கு முன்னால் யாரோ ஒரு படகுக்காரர்,
அப்புறம் அக்கா செண்பகம், அப்புறம் நான்.
ஒரு மாதம் சோறு பிடிக்கவில்லை.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தெரியாமல் நடந்தது இது:
பித்தநீர் வடித்துக்கொண்டு
சர்க்கரையை அளந்து வைத்துக்கொண்டிருந்த
ஈரல் செல் ஒருத்தி, சாதாரணக் குடித்தனக்காரி,
தன் அடுக்களையில்
தான் எழுதாத கையெழுத்தைப் பார்த்தாள்.
வந்தவன் முதல் காரியமாக
மணியின் கம்பியை அறுப்பான். பழகிய கை.
அறுபடும் முன்னே
அடுத்த வீட்டுச் சுவரைத் தட்டினாள்:
என்னைப் பார்க்காதே,
அங்கே வந்தால் அவனுக்கு அடுப்பு மூட்டிக் கொடுக்காதே.
அவள் அதற்கடுத்தவளுக்கு.
கரண்ட் போன இரவில் எங்கள் தெருவில்
மாடிக்கு மாடி குரல் இறங்குமே, அப்படி.
ஆயுதம் வைத்திருப்பவர்கள் பிறகுதான் வந்தார்கள்.
எல்லாரும் பேசுவது அவர்களைப் பற்றித்தான்.

அக்காவுக்குள் யாரும் தட்டவில்லையா?
தட்டித்தான் இருப்பாள்.
கம்பி ஒரு நொடி முந்தி அறுந்திருக்கும்.
ஒரே வயிறு, ஒரே ஊசி, ஒரே மழை.
ஏன் என்பதற்குப் புத்தகத்தில் காரணம் உண்டு,
எனக்குப் போதவில்லை.

அவள் அட்டையில் பெயர் மா சகாவா, மஞ்சள் செண்பகம்.
இந்த ஊர் பாஷையில்
செண்பகத்துக்கும் பேச்சுக்கும் ஒரே எழுத்து.
மூன்று மாத மாத்திரையில் இன்று எழுபத்தொன்றாம் நாள்.
மொஹிங்கா கடையில் எதிரே உட்கார்ந்து
வாழைத்தண்டை மட்டும் பொறுக்கி
என் கிண்ணத்தில் போடுகிறாள்.

காகிதம் இன்னும் பைக்குள்தான்.
"ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?
ஈரக்குலை நடுங்குது எனக்கு" என்கிறாள்.

மேசைக்கு அடியில்
அவள் முழங்காலைத் தட்டினேன்,
இரண்டு முறை.