நாற்பது ஓவர்சைஸ்

மூன்றாவது பிஸ்டன் மட்டும் வேறு இனம்.
எவனோ அவசரத்துக்குக் கடைந்து போட்டிருக்கிறான்,
நெற்றியில் உளியால் கொத்திய ஒரு 'ச'.
"இத்தனை வருஷம் இதுதான் நொண்டுச்சா?"
என்றாள் உமையாள்.
மேட்டடோர் அவளுடையது. தையில் பதினேழு கல்யாணச் சமையல்.

பிளாக்கைத் திருச்சிக்குத் தூக்கிப்போய்
நாற்பது ஓவர்சைஸ் போர் அடித்தோம்.
டர்போ, மோதிச் சப்பிப்போன ஒரு சுமோவில் கழற்றியது.
ரேடியேட்டர் பத்தவில்லை, அதையும் மாற்றினேன்.
கேஸ்கட் வருவதற்குள் தை பிறந்துவிட்டது.

கழனிவாசல் பட்டறையில் முதல் ஸ்டார்ட்:
கரும்புகை,
வெண்புகை,
அப்புறம் ஒன்றுமில்லை.
பில்லை வாங்கி மடக்கி
அதன்மேல் அந்தப் பிஸ்டனைப் பாரம் வைத்தாள்.
பணம் பங்குனியில்.

பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு ராத்திரி மூன்று மணிக்கு
நானே ஓட்டினேன்.
பின்னால் அண்டாக்கள்தான் பேசிக்கொண்டு வந்தன.
கோட்டையூர் முக்கில் சமையலாட்கள் நாலு பேர்
சாக்கைப் போர்த்தித் தூங்கினார்கள்,
அரை மைலுக்கு முன்பே வண்டி எழுப்பிவிடும் என்று நம்பி.

தாண்டிப் போய்விட்டோம்.

ரிவர்ஸில் வந்து ஹாரன் அடித்தேன்.
சேவுகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்:
"நம்ம வண்டி எங்க?"
"ஏறுடா," என்றாள் உமையாள்,
"வெங்காயம் ரெண்டு மூட்டை கிடக்கு."