நாலு மணித்தியாலம்

மூன்று நாளாய்க் கல்முனை ஆஸ்பத்திரி மாடியில்
ரப்பர் பிள்ளையோடு படிப்பு.
தொடுமுன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கு.
நனைந்த பம்பர்ஸை நிறு, வெறும் பம்பர்ஸின் நிறையைக் கழி,
மிச்சம் மூத்திரம்.
வலிக்குப் புள்ளி போடு: முகம், கால், அழுகை.
ரப்பர் பிள்ளைக்கு எப்போதும் பூச்சியம்.

நாலாம் நாள் ஒலுவிலிலிருந்து ஹம்தான் வந்தான்.
நாற்பத்தொரு நாள். குடலிறக்கம்.
பெயர் வைத்தும், கணுக்கால் பட்டியில்
'ஜெசீமாவின் பிள்ளை' என்றுதான் எழுதினோம்.

ஒன்பதுக்குத் தியேட்டர். அஞ்சுக்குப் பிறகு பால் இல்லை.
அதை நான்தான் அவளுக்குச் சொல்லவேண்டும்.
ஏழு மணிக்கு அவன் கத்தக் கத்த
அவளது அபாயா நெஞ்சில் நனைந்தது.
"ஒரு வாய் மட்டும், மிஸ்ஸி."

பால் மணம் எட்டாத தூரத்துக்கு
அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
வராந்தாத் தொங்கலில்
கஞ்சி போட்ட என் சட்டையைத் துழாவி
பொத்தானொன்றைக் கண்டுபிடித்துச் சப்பினான்;
ஏமாந்து, என்னை ஒருமுறை பார்த்தான்.
அந்தப் பார்வைக்கு எந்தக் கட்டத்தில் புள்ளி போட?

பின்னேரம், தையலோடு திரும்பி, குடித்து, உறங்கி,
நனைத்தான்.
நாற்பத்தாறு கிராம்!
தராசை ஜெசீமாவின் பக்கம் திருப்பினேன்.
"அது நல்லமா, மிஸ்ஸி?"
"நல்லம், நல்லம்" என்றேன்,
வெறும் பம்பர்ஸைக் கழிக்க மறந்து.