வாதத்தைப் பலவீனப்படுத்தும் கூற்று

இரவு பதினொன்றரை.
வேனில் நாளைக்கென ஏற்றிய பதினேழு பொதிகள்.
ஆரபி உறங்கிவிட்டாள். மேசையில்
சிந்தனைத் திறன், மாதிரித் தாள் ஒன்பது,
அழிறப்பர்த் துகள்களோடு விரிந்து கிடக்கிறது.

வினா இருபத்திமூன்று:
கீழ்வரும் கூற்றுகளில் எது, உண்மையானால்,
மேற்கண்ட வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்?

மேற்கண்ட வாதம் ஏதோவொரு ஊரின் நீச்சல் குளம் பற்றியது.
எனக்கு அந்தக் குளத்தோடு சண்டையில்லை.
பென்சிலை எடுத்து என் வாதத்தை எழுதினேன்:

பெண்டில் ஹில்லில் வாடகைக்கு இருக்கிறோம்.
தனியார் பள்ளிக் கட்டணம் என் வேனைவிட நீளம்.
ஆகவே பிள்ளை செலக்டிவ் எழுதத்தான் வேண்டும்.

ஏ. சனிக்கிழமைகளில் அவளுக்கு நெட்பால் பிடிக்கும்.
இது எதையும் பலவீனப்படுத்தாது என்று
சுகந்தி போன வருடமே தீர்த்துவிட்டாள்.

பி. சிநேகிதி ரோஷ்னி எழுதவில்லை.
பக்கத்துப் பள்ளிக்கே போகப்போகிறாள், நடந்து,
மேக்பை கொத்தும் மாதங்களில் மட்டும் குடை பிடித்து.

சியை எழுதவில்லை.

சனிக்கிழமை என்றால் கோச்சிங் மாடியில்,
கீழே இறைச்சிக் கடை,
தரிப்பிடத்தில் எஞ்சின் அணைத்த அப்பாக்கள்.
முதல் தெரிவு எது, இரண்டாவது எது என்று
ஒருவர் கைபேசியில் அட்டவணை காட்டுவார்,
சம்பந்தம் பேசுகிறவர் குரலில்.
பிள்ளைகள் படியிறங்கும்போது
எல்லோரும் முகத்தைத்தான் முதலில் திருத்துவோம்.

நானும் எழுதியவன், இவள் வயதில்,
ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில்.
வெட்டுப்புள்ளிக்கு நாலு குறைவு.
அந்த நாலு இன்னும் என்னோடு வேலைக்கு வருகிறது.

இங்கே புள்ளி சொல்லமாட்டார்களாம்.
முதல் பத்து வீதத்தில் நிற்கிறாளா, அடுத்த பதினைந்திலா,
அவ்வளவுதான் தெரியும்.
பிறகு காத்திருப்போர் பட்டியல்.
அதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.
பிரிட்ஜிங் விசாவில் ஒன்பது வருடம்
தபால்பெட்டியைத் திறந்து மூடியவன் நான்.
நிரந்தரத் தாள் போன குளிர்காலம் வந்தது.
அது வந்ததால்தான் விண்ணப்பத்தில்
அந்த ஒரு கட்டத்தில் புள்ளடி போட முடிந்தது.
போடும்போது சுகந்தியின் கை நடுங்கியது.
பிள்ளை அதைக் காணவில்லை.

மே மாதம், முன்பின் தெரியாத பள்ளி.
நிறமில்லாத தண்ணீர்ப் போத்தல். கையில் கடிகாரம் கூடாது.
வரிசையில் நூற்றுக்கணக்கான குதிரைவால் கொண்டைகள்,
எது என்னுடையது என்று ஒரு கணம் தெரியவில்லை.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சும்மா நிற்கத் தெரியாது எனக்கு.
பொதிகளைக் கொடுக்கப் போனேன்.
ஆறாவது பெட்டி, கிராவீனில் ஒரு செங்கல் வீடு.
பெட்டியின் பக்கத்தில் பழகிய பெயர்,
அதே கம்பெனி, அதே மாதிரித் தாள்கள்.
காய்ச்சலுக்கு வீட்டில் நின்ற பையன் கதவைத் திறந்தான்.
மூன்றாம் வகுப்பு இருக்கலாம், முன்பல் இரண்டும் இல்லை.
பின்னால் தாய் யாரோடோ போனில்.
கையொப்பம் கேட்டேன்.
கண்ணாடித் திரையில் விரலால்
முழுப் பெயரையும் எழுதினான்,
ஓர் எழுத்தும் கோட்டைத் தாண்டாமல்,
எழுதிவிட்டு
சரியா என்று என்னைப் பார்த்தான்.

மத்தியானம் அவளை ஏற்றினேன்.
எப்படி என்று கேட்பதில்லை என்று
சுகந்திக்குச் சத்தியம் செய்திருந்தேன்.
ஸ்டேஷன் தாண்டும்போது அவளே சொன்னாள்:
"கட்டுரையில நேரம் போதேல்ல அப்பா.
கடைசி வசனம் பாதியில நிண்டிட்டுது."
"எந்த இடத்தில?"
"'ஆனால்' எண்டு எழுதினனான். அதோட மணி அடிச்சிட்டுது."

ஆனால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன்.
சிப்ஸ் வேணும் என்றாள், சிக்கன் உப்புப் போட்டு.

வேன் முழுக்க உப்பு வாசம்.
அவளுக்கு மறுபடி பத்து வயதாகி,
ஒரு சிப்ஸை மூக்கில் வைத்துத் தாங்கிப் பார்த்தாள்.

இரவு, தாள்களைக் கட்டி அலுமாரிமேல் வைக்குமுன்
பின்பக்கத்து விடைகளைப் புரட்டினேன்.
இருபத்திமூன்றுக்கு
சி.