பாதி கிளட்ச்

கியர் வண்டி ஓட்டத் தெரியுமா என்றார் பெள்ளி அண்ணன்.
தெரியும் என்றேன்.
கோத்தகிரி கூரியர் ஆபீசில் அன்று காலை
அதே பொய்யைச் சொன்னவர்கள் மூன்று பேர்.
வேலை கிடைத்தது எனக்கு.

சைக்கிள்கூட வராது என்பது
என் முட்டிகளுக்கு மட்டும் தெரியும்.
அரவேனு பக்கம் மூடிக்கிடக்கும் தேயிலை ஃபேக்டரி முற்றத்தில்
பதினோரு விடியல்.
கொழுந்தனின் பழைய வண்டியை
உருட்டினேன், சாய்த்தேன், தூக்கினேன்.
அது நூற்றுப் பத்து கிலோ. நான் ஐம்பது, ஸ்வெட்டரோடு.
அவ்வளவு பெரிய முற்றத்தில்
ஒரே ஒரு தார் டிரம்.
ஐந்து தடவை அதிலேயே போய் முட்டினேன்.

ஆனாலும் சமதளத்தில் பயம் சின்னதுதான்.
இந்த ஊரில் சமதளம் என்று இருந்தது
அந்த முற்றம் ஒன்றுதான்.

திங்கட்கிழமை. பத்தொன்பது பார்சல்.
பை என்னைப் பின்னால் இழுக்க
கீழ்க்கோத்தகிரி ரோட்டில் மூன்றாவது வளைவில்
வண்டி நின்றது.
நின்றது என்றால்
பின்வாங்கத் தொடங்கியது.
எது கை பிரேக், எது கால் பிரேக்,
எந்தக் கால் என்னுடையது?
எப்படியோ மிதித்துப் பிடித்து நிறுத்தினேன்.

பின்னால் அரசு பஸ்.
டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.
இன்ஜினையே அணைத்துவிட்டார்.
அடித்திருந்தால் அழுதுவிட்டுத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.
இப்போது மலையே அமைதியாகி
நாற்பது ஜோடிக் கண்கள்
என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

உதைத்தேன். முதல் கியர்.
கிளட்சை விரல் விரலாக விட்டேன்.
பாதி தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது,
ஒரு நெல்லின் அகலம்.
அங்கே வண்டியின் சத்தம் தடிக்கும்.
மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சேராமல்
அது அப்படியே உன்னைத் தாங்கி நிற்கும்.
ஒரு மூச்சு நின்றேன். இன்னொரு மூச்சு.
பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

ஏறியது.
ஹெல்மெட்டுக்குள் ஏதோ கத்தினேன்;
காலையில் தின்ற பூண்டு ஊறுகாயோடு
அது என் மூக்குக்கே திரும்பி வந்தது.

பயம் போய்விட்டது என்று சொன்னால்
அது இரண்டாவது பொய்.

ஏழாவது வளைவில் பனிமூட்டம்.
மூட்டத்துக்குள் நான்கு வெள்ளைக் காலுறை.
அதற்கு மேலே, மெதுவாக,
ஒரு காட்டெருமை.
அதையே பார்த்தேன்.
பார்க்கப் பார்க்க
வண்டி அதன் விலாவைத் தேடிப் போனது.

டிரம் ஞாபகம் வந்தது.
அடி முட்டாளே, நீ பார்க்கிற இடத்துக்குத்தானே இது போகும்.
அடம்பிடிக்கும் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்புவதுபோல
என் கண்ணைத் திருப்பினேன்.
எருமைக்கு அப்பால், சில்வர் ஓக் அடியில்
ரோடு ஒரு முழம் தெரிந்தது.
அந்த ஒரு முழத்துக்குப் போனேன்.
போனதும் அடுத்த முழம்.

எருமை இலையை மென்றுகொண்டிருந்தது.
அதற்கு நானொரு செய்தியே இல்லை.

கடைசிப் பார்சல் குக்கர் கேஸ்கட்,
நூற்றெண்பது ரூபாய்.
சகாயநாதனின் மனைவி லேபிளைப் படித்தாள்.
'நாங்க கேட்டது அஞ்சு லிட்டர்க்கு. இது மூணு.
திருப்பிக் கொண்டு போங்க.'
சிரித்துவிட்டேன்.
பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இறக்கம் முழுக்க இரண்டாவது கியர்.
கேஸ்கட் முதுகில் லொடலொடத்து வந்தது.

ராத்திரி ஏதோ முனகல். விழித்தேன்.
தூக்கத்தில் என் இடது கை
பக்கத்தில் படுத்திருந்த ஜெனிபாவின் மணிக்கட்டை
இறுக்கிப் பிடித்திருந்தது.
ஆறு வயசு எலும்பு.
விரல் விரலாக,
நெல்லளவு நெல்லளவாக
விட்டேன்.
அவள் ஒருமுறை உதறி,
மறுபடி சீராக
ஓடத் தொடங்கினாள்.