வெள்ளிக்குள் சொல்லவும்

துவாஸ் துறைமுக வாசலில்
எனக்கு முன்னால் பத்தொன்பது பிரைம் மூவர்.
மணி மூன்று பத்து.
முதுகில் நாற்பதடிப் பெட்டி.
உள்ளே என்னவென்று தெரியாது,
இருபத்திரண்டு வருடமாகக் கேட்டதும் இல்லை.

ஸ்டியரிங்கின் மேல் ஒரு கடிதம்,
நான்கு பக்கம்.
"இனி நீயே உனக்கு பாஸ், தயா" என்று
மிஸ்டர் கோ தோளில் தட்டிக் கொடுத்தது.
இதே லாரி, தவணைக்கு.
டிரிப்புக்கு நாற்பத்தெட்டு வெள்ளி.
சம்பளச் சீட்டு கிடையாது,
ஏன் லேட் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.
வெள்ளிக்குள் சொல்லவும்.

இந்த ஊரில் காசுக்கும் வெள்ளி,
கிழமைக்கும் வெள்ளி.
இரண்டும் சேர்ந்து ஒரே நாளில்
கழுத்துக்கு வரும் என்று நினைக்கவில்லை.

யோகவல்லி கணக்குப் போட்டாள்,
மின்கட்டண பில்லின் முதுகில்.
ஒரு நாளைக்கு ஏழு டிரிப், இருபத்தாறு நாள்.
பெருக்கி வந்ததைப் பார்த்து
ஒரு நிமிடம் கண் பெரிதானது.
பிறகு டீசல், டயர், காப்புறுதி,
லாரி நிறுத்த வாடகை, தவணை
என்று ஒவ்வொன்றாகக் கழித்தாள்.
பேனாவை மூடாமல் கேட்டாள்:
"முதலாளி போடுற பதினேழு விழுக்காடு?"

அந்தப் பணத்தை நான் தொட்டதே இல்லை.
என் கைக்கு வராமலே
மாதாமாதம் சேமநிதிக்குப் போய்
அங்கிருந்து அப்படியே வீவகவுக்குப் போய்
நாங்கள் தூங்கும்போது
சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பணம்.

பதினாறு.

ரொஸ்லான் போன வருடமே கையெழுத்துப் போட்டவன்.
பயனியர் ரோட்டுக் கோப்பிக்கடையில்
தே ஓ கோசோங்கை ஊதி ஊதிச் சொன்னான்:
மகளின் பள்ளியில் நாடகம், புதன்கிழமை மதியம்,
யாரிடமும் கேட்கவில்லை,
லாரியை ஓரம் கட்டினேன், போனேன்,
முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.
சொல்லும்போது அவன் முகம்
புதுக் கார் எடுத்தவன் முகம்.
அப்புறம் சிறுநீரகக் கல் வந்த கதை.
பதினொரு நாள்.
எனக்கு எம்சி, படுத்துக்கிடந்த லாரிக்கும் எம்சி,
தவணைக்கு மட்டும் எந்த டாக்டரும் எம்சி தரவில்லை.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
தே காசை அன்று நான் கொடுத்தேன்.

என்னிடமும் ஒரு கணக்கு உண்டு.
தைப்பூசத்துக்கு லீவு கேட்டால்
நான்கு வருடமாக "நெக்ஸ்ட் இயர் பார்க்கலாம்".
தம்பி மகன் முதல் காவடியோடு
டேங்க் ரோட்டுக் கோயிலுக்குள் நுழைந்தபோது
நான் பாசிர் பாஞ்சாங்கில்
குளிர்பெட்டி ஏற்றிய லாரிக்குப் பின்னால்.
வீடியோவில்தான் பார்த்தேன்.
அதுவும் பாதியில், பின்னாலிருந்து ஹார்ன்.

பதினொன்று. மணி நான்கு இருபது.
வேலிக்கு அப்பால்
ஆளில்லா வண்டிகள் பெட்டி சுமந்து
ஒன்றையொன்று இடிக்காமல் போய்வருகின்றன.
அவற்றுக்கு இந்தக் கடிதம் வரவில்லை.

இப்போதுதான் உறைக்கிறது.
கடந்துபோன ஒரு மணி பத்து நிமிடம்
மிஸ்டர் கோவுடையது.
அவர் வீட்டில் தூங்குகிறார்,
அவர் காசு என்னோடு இங்கே விழித்திருக்கிறது.
கையெழுத்துப் போட்டுவிட்டால்
இதே வரிசை,
முன்னால் நிற்பவனின் இதே சிவப்பு விளக்கு,
இதே ஏர்கான் இரைச்சல்
எல்லாம் எனக்கே சொந்தம்.
ஓடினால் காசு.
நின்றால் நான்.

உள்விளக்கைப் போட்டு
நான்கு பக்கத்தையும் விரலால் தடவிப் படித்தேன்.
சுதந்திரம் இரண்டு இடத்தில் இருக்கிறது.
காத்திருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கிரேனுக்கு மேலே விடிவெள்ளி.
அது எந்தக் கணக்கிலும் வராத வெள்ளி.
ஃபோனை எடுத்துத் தட்டினேன்:
"பாஸ், கியூவில் நிக்கிற நேரத்துக்கு
எவ்வளவு தருவீங்க?"

ஒற்றை டிக்.

பின்னால் ஹார்ன் அடிக்கிறான்.
பத்து.