இரண்டு குழாய்கள்

மொகொட்லோங்கில் விடியற்காலை ஐந்தரைக்கு
இரும்புக் கைப்பிடி விரலை விடாது.
கண்ணாடி துடைக்க வைத்த வாளியில்
தண்ணீர் இல்லை, ஒரு கட்டி இருக்கிறது.
கம்பளியின் மேல் கம்பளி போர்த்தி
குழாயடியில் நிற்கிறேன்,
லிமகாட்ஸோ,
லெசோத்தோவின் இந்த மலையூருக்கு எரிபொருள் ஊற்றுகிறவள்.

டீசல் குழாய்க்கு மூக்கு தடிமன்.
பெட்ரோல் வண்டியின் தொண்டையில் அது முட்டி நிற்கும்,
தப்பு தானே திரும்பிப் போகும்.
பெட்ரோல் மூக்கு ஒல்லி.
எந்த வாயிலும் சத்தமில்லாமல் இறங்கும்.

அதனால்தான் ஒரு கேள்வி.
பெட்ரோலா, டீசலா?
நாளைக்கு எண்பது தடவை கேட்டால்
அது கேள்வி என்பதே மறந்துபோகும்,
கொட்டாவி மாதிரி.

லெபுசாவின் வெள்ளை பிக்கப்பைக்
கேட்க வேண்டியதில்லை.
மூன்று வருடமாகப் பெட்ரோல்.
இடது கதவில் ஆடு முட்டிய பள்ளம்,
பின்னால் அங்கோரா ரோம மூட்டைகள்.
அன்றும் வந்தது வெள்ளை பிக்கப்.
அன்றும் மூட்டைகள்.
நான் பள்ளத்தைத் தேடவில்லை.

பத்தொன்பது லிட்டர் இறங்கிய பிறகு
புகைக்குழாயின் வாயைப் பார்த்தேன்.
கரி.
பெட்ரோல் வண்டிக்கு அத்தனை கரி வராது.
கதவைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.
போன வாரம்தான் வண்டி மாற்றியிருக்கிறார்.

கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தேன்.
சாவியைத் திருப்பாதீர்கள்!
பாதி கூடத் திருப்பாதீர்கள்!
அவர் விரல்கள் சாவியில் இருந்தன.

டீசல் எரிவதோடு நிற்பதில்லை,
போகிற வழியெல்லாம் பம்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே போகும்.
பெட்ரோல் அதைக் கழுவிவிடும்.
காய்ந்த இரும்பு இரும்பைத் தின்னும்.
பொடி பொடியாக.
டாங்கியில் கிடக்கும்வரை அது வெறும் தப்பு,
சாவி திரும்பினால் ஒரு வருட ரோமம் போச்சு.

கியரை நடுவில் போட்டு
மேய்ப்பர்கள் இரண்டு பேரோடு தள்ளினோம்.
மூட்டைகள் வேறு வண்டியில் எடைக்குப் போயின.
அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
குந்தி உட்கார்ந்து
டாங்கியிலிருந்து பீப்பாய்க்கு
ரப்பர் குழாய் வழியே ஒழுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பத்தொன்பது லிட்டர் என் சம்பளத்தில்.
அது நியாயம்.

நியாயமில்லாதது மறுநாள் வந்தது.

ஐந்து லிட்டர் கேனோடு ஒருத்தி,
மண்ணெண்ணெய் கேட்டு. முதுகில் குழந்தை.
மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது.
முதலாளியின் மகன் மூலையிலிருந்த பீப்பாயைக் கண்ணால் காட்டினான்.
அதுவும் எரியுமே என்றான்.

எரியும்.
அவள் அடுப்பு எரியும், அடுப்போடு திரைச்சீலையும்.
பெட்ரோல் கலந்தது திரியில் ஏறாது,
அறை முழுக்க ஏறும்.

இல்லை அம்மா, இன்று இல்லை என்றேன்.
அவள் போனதும்
கற்பூசணி அளவில் பெரிய எழுத்தாக
பீப்பாய்மேல் பெயின்ட்டால் எழுதினேன்:
இது எதற்கும் ஆகாது.
அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
குளிரில் பேசாதிருப்பது பெரிய காரியமில்லை.

இப்போது எல்லோரையும் கேட்கிறேன்.
நேற்று நிரப்பியவனையும் கேட்கிறேன்.
டிராக்டர்காரன் சிரிக்கிறான்:
என் பெயரையும் கேளேன், லிமகாட்ஸோ.
கேட்கிறேன்.
எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துடைத்து
மறுபடி விட்டு இழுத்துப் பார்க்கிறேன்.
கணவாய் இறங்குகிறவர்களிடம்
பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியரை நம்பச் சொல்கிறேன்.
பாதிப் பேர் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள்.

லெபுசா மாதம் இருமுறை வருகிறார்.
புது வண்டியிலும் இப்போது ஒரு பள்ளம்.
டாங்கி மூடியின் உட்பக்கம்
டீசல் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.
என்றாலும் வாய் திறப்பதில்லை.
சாவியைக் கழற்றி
கண்ணாடிக்குக் கீழே, எனக்குத் தெரியும்படி வைத்துவிட்டு
கேள்விக்காக உட்கார்ந்திருக்கிறார்.